ஆறாம் வகுப்பில்தான் உட்காருவாள்

சுமதிக்கும் சாந்திக்கும் அப்பா எழுதுவது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் கூடவே படிக்கலாம். அவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பக்கத்துக்குச் சுமதி ஒன்று எழுதிக் கொடுத்தாள். "அமைதியே வடிவானவர், அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர்" என்று அதில் இருந்தது. படித்துவிட்டு, அதை எடுத்துவிடு என்று சொன்னேன். "எல்லா மலர்லயும் அப்படித்தானேப்பா போடுறாங்க" என்றாள். போடட்டும். உங்கள் அம்மா அமைதியானவர் இல்லை. அமைதியாக இருந்திருந்தால் நம் குடும்பம் இன்றைக்கு இருக்கும் இடத்தில் இருக்காது. நான் எட்டாவது வரை படித்தவன். எனக்கு வந்த தமிழில் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருக்காது.

இன்னொன்று. உயிரோடு இருந்தபோது உங்கள் அம்மாவை நான் "இந்தா புள்ள" என்றுதான் கூப்பிட்டேன். இங்கே "அவர்" என்று எழுதுகிறேன். பார்த்தால் சிரித்திருப்பார். சிரிக்கட்டும்.

அம்மா பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில். தாயும் தகப்பனும் கொழுந்து எடுத்தும் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டியும் பிழைத்தவர்கள். அங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அம்மா மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்கள் மக்களையெல்லாம் கப்பலேற்றி அனுப்பிய நாளில் அம்மாவின் குடும்பமும் ஏறியது. இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்து, பிறகு சென்னையிலிருந்து மறுபடி கப்பல் ஏறி, நிக்கோபாரில் கட்சால் தீவு அரசாங்க ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, படித்ததற்குப் பேப்பர் இல்லை என்று சொல்லி, அம்மாவை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, பால் பல் விழாத பிள்ளைகளுக்கு நடுவே, ஒரு தலை உயரமாக. சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு வந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற வேலை அம்மாவுக்கு. இரண்டு வருடம் அப்படிப் பொறுத்தார். பிறகு போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இதை அம்மா என்னிடம் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரே ஒரு தடவைதான் சொன்னார். கேட்டபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் நடந்ததுதானே என்று நினைத்தேன்.

வளர்ந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்து ரப்பர் பால் வெட்டப் போனார். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலையேறி, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்து, தனக்கு விட்ட மரங்களை வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து இறக்க வேண்டும். நான் ரப்பர் ஷீட் காயப் போடுகிற புகைக்கூட்டில் வேலை பார்த்தேன். அங்கே பார்த்துத்தான் கல்யாணம். அம்மாவின் வெட்டு மெல்லிசாக இருக்கும். கத்தி கட்டையைத் தொட்டதே இல்லை என்று மேற்பார்வை பார்க்கும் கண்டக்டரே சொல்வார். கட்டையில் பட்டால் மரம் புண்ணாகிவிடும், அந்த இடத்தில் பட்டை மறுபடி வளராது. இந்த விஷயத்தில் அம்மா யார் சொல்வதையும் கேட்கமாட்டார்.

சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. நம் குடியிருப்பு மேட்டில் இருந்ததால் நாம் நாலு பேரும் தப்பினோம். காலையில் கப்பல் ஜெட்டிக்குப் போன உங்கள் மாமா திரும்பவில்லை. அதைப் பற்றிப் பேச அம்மா ஒருநாளும் விரும்பியதில்லை. அதனால் நானும் இங்கே எழுதவில்லை. கடலோரம் இருந்த பள்ளிக்கூடம் சுவர்கூட மிஞ்சாமல் போனது. சுமதி அப்போது ஐந்தாம் வகுப்பு. பதினொரு வயது. அவள் பேர் எழுதியிருந்த ரெஜிஸ்டர், அவள் பிறந்ததற்கான சீட்டு, எல்லாம் கடலுக்குள்.

கப்பலில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் முகாம் போட்டுத் தங்கவைத்தார்கள். கப்பல் முழுக்கச் சுமதி வாந்தி எடுத்து, வந்து இறங்கும்போது துணி மாதிரி கிடந்தாள். மறுநாள் ஒருவர் மேசை போட்டு ஆட்களைப் பட்டியல் எழுதினார். பத்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குத்தான் பால் பவுடர் டின் என்று வரிசையில் பேச்சு. அம்மா அப்போது சாந்தியை வைத்துக்கொண்டு உள்ளே படுத்திருந்தார். வரிசையில் நின்றது நான்.

"பச்சி கா உமர்?" என்று பிள்ளையின் வயதைக் கேட்டார்.

"நௌ" என்றேன். ஒன்பது.

சுமதி என் முகத்தைப் பார்த்தாள். மெலிந்த பிள்ளை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டின் கிடைத்தது. சுமதி குடித்தாள். மூன்றாவது நாள் எழுந்து நடந்தாள். நான் சொன்னது அந்தப் பட்டியலோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. பள்ளிக்கூடமும் ஆபீசும் அடித்துப்போன பிறகு, சுமதி என்று ஒரு பிள்ளை உலகத்தில் இருப்பதற்கு அந்தப் பட்டியல் ஒன்றுதான் பேப்பர் என்று ஆகிவிட்டது.

முகாமிலிருந்து லம்பா லைன் என்ற பகுதியில் ஒரு வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒற்றை அறைக்கு வந்தோம். எனக்குச் சாத்தம் மர மில்லில் மரம் அடுக்குகிற கூலி வேலை கிடைத்தது. அம்மா விமான நிலைய ரோட்டில் ஒரு கேண்டீனில் பாத்திரம் கழுவினார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்ததும் சுமதியை ஆறாம் வகுப்பில் சேர்க்க, தமிழ்ப் பிரிவு இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்று பேரும் போனோம்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கேரளாக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். முகாமில் கொடுத்த பட்டியல் நகலைப் பார்த்தார், சுமதியைப் பார்த்தார்.

"ஒன்பது வயசுக் குழந்தைக்கு ஆறாம் கிளாஸா? நாலாம் கிளாஸ்தான்."

"பதினொரு வயசு டீச்சர்" என்றார் அம்மா.

"இதிலே ஒன்பதுன்னு இருக்கே. யார் சொன்னது ஒன்பதுன்னு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பட்டியலில் பொய் சொன்னவன் என்று எழுதி முகாம் உதவியையும் நிறுத்திவிடுவார்களோ என்று ஒரு பயம். அதற்குள் அம்மா பேசிவிட்டார்.

"நாந்தான் சொன்னேன். பசிச்ச புள்ளைக்குப் பால் வாங்க வயசக் கொறச்சு சொன்னேன். வயசத்தான் டீச்சர் கொறச்சேன். படிப்பக் கொறைக்கல."

அந்த அறையில் இன்னும் இரண்டு டீச்சர்மார் இருந்தார்கள். ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் கோபப்படவில்லை. ஆனால் விடவும் இல்லை.

"அஞ்சாம் கிளாஸ் முழுப் பரீட்சை எழுதினாளா?"

"எழுதறதுக்குப் பள்ளிக்கூடம் எங்க இருந்துச்சு?"

"அது எனக்குப் புரியுது. எனக்கும் கையில ஏதாவது வேணுமே. மூணு வாரம் தர்றேன். நாலு பேப்பர் வைப்பேன். தமிழ், கணக்கு, இங்கிலீஷ், ஹிந்தி. தேறினா ஆறு. இல்லேன்னா நாலு, சண்டை போடக்கூடாது."

"வைங்க" என்றார் அம்மா. "ஆறாம் கிளாஸ்லதான் ஒக்காருவா."

வெளியே வந்ததும் சுமதி அழுதாள். பயந்து அழுகிறாள் என்று நான் நினைத்தேன். அம்மா அவளைத் தேற்றவில்லை. "நாலாங் கிளாஸ்ல ஒக்காந்தா பெஞ்சுக்குக் கீழ ஒன் காலு அடங்காது, நீட்டிக்கிட்டு நிக்கும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அழுது முடிச்சிட்டியா, வா" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த ஒன்றாம் வகுப்புக் கதை உறைத்தது.

புத்தகம் கிடையாது. கேண்டீனுக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் அம்மா கேட்டார். "பாய் சாப், பாஞ்ச்வீ கா கித்தாப் ஹை க்யா?" என்று ஐந்தாம் வகுப்புப் புத்தகம் கேட்டு, பாத்திரம் கழுவிய கையோடு வந்து நிற்பார். விமான நிலையத்தில் லோடு ஏற்றுகிற ஒருவர் தன் மகனுடைய பழைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கமும் இல்லை. தமிழும் இங்கிலீஷும் பக்கத்துத் தெருவில் இரவல். ஹிந்திக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. கட்சாலில் ஹிந்தி வாத்தியார் பாதி நாள் வரமாட்டார் என்பதால் சுமதிக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்.

நான் ஒரு டைம் டேபிள் போட்டேன். தினமும் நாலு பாடமும். அம்மா அதைப் பார்த்துவிட்டு மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தெனமும் வெட்டுனா பட்டை செத்துரும். ஒரு நாளு வெட்டு, ஒரு நாளு ஆறப் போடணும்."

"இருபது நாள்தான் இருக்கு. இது மரமா, புள்ள."

"நீங்க புகைக்கூட்டு ஆளு. ஒங்களுக்கு என்னா தெரியும்."

அதற்கு மேல் என்ன சொல்ல. கணக்கு ஒரு நாள், மறுநாள் கணக்கைத் தொடக்கூடாது, தமிழும் இங்கிலீஷும். கணக்கு நாளன்று தமிழை எடுத்தால் பிடுங்கி வைத்துவிடுவார். விடிந்ததும் வாசலில் நின்று பெரட்டில் கூப்பிடுகிற மாதிரி பேர் கூப்பிடுவார். "சுமதி." "ஆஜர்." "சாந்தி." சாந்திக்கு அப்போது நாலு வயது, அவளும் "ஆஜர்" என்று கத்துவாள். பேர் கொடுத்துவிட்டால் படிக்க உட்கார வேண்டும். என்னையும் ஒரு நாள் கூப்பிட்டார். நானும் ஆஜர் சொன்னேன்.

பின்னக் கணக்கு அம்மாவுக்குக் காகிதத்தில் தெரியாது. ஆனால் முக்கால் சிரட்டை பால் என்றால் எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எங்கிருந்தோ நாலு சிரட்டை தேடி வந்து, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் காட்டினார். முக்காலையும் அரையையும் சேர்த்தால் ஒன்றேகால். வழிந்து கோரைப்பாய் நனைந்தது. "பாயி நனையற அளவு மிச்சம் வருதுல்ல, அதுதான் கால்" என்றார். சுமதி அதற்குப் பிறகு பின்னத்தில் தப்புப் போடவில்லை.

ஹிந்திக்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். எழுத்துக் கூட்டத் தெரியும், இனி பேச வந்தால் எழுதவும் வந்துவிடும் என்று, மாலையில் சுமதியைக் கூட்டிக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போவார். இவரே முன்னால் நின்று பேரம் பேசுவார், சுமதி கேட்டுக்கொண்டு நின்று வீட்டுக்கு வந்து எழுத வேண்டும். நல்ல யோசனைதான் என்று நானும் நினைத்தேன். நம்மைப் போல ஆட்களுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும் என்று பிறகுதான் தெரிந்தது.

டெஸ்ட் அன்று அம்மா கேண்டீனுக்குப் போகவில்லை. என்னையும் போகவிடவில்லை. பள்ளிக்கூட வாசலில் சுமதி திரும்பிக் கேட்டாள்.

"அம்மா, மேல பேரு, வயசு எழுதச் சொல்லுவாங்க. எத எழுதறது? ஒம்பதா, பதினொண்ணா?"

நான் யோசித்தேன். ஒன்பது என்று எழுதினால் பட்டியலோடு ஒத்துப்போகும், தகராறு இல்லை. அம்மா யோசிக்கவே இல்லை.

"பதினொண்ணு எழுது. பொய் பாலுக்குச் சொன்னது. பால் குடிச்சாச்சு."

காலையில் இரண்டு பேப்பர், மத்தியானம் இரண்டு. நடுவில் வெளியே வந்தவளிடம் அம்மா எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. கொண்டுவந்த சோற்றைக் கொடுத்து, "மெல்லு" என்று மட்டும் சொன்னார். நான்தான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கம்பியில் பூசியிருந்த பச்சைப் பெயிண்டு என் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது, வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன்.

மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். மேசையில் நாலு பேப்பரும் இருந்தன. ஹெட்மிஸ்ட்ரஸ் கணக்குப் பேப்பரைக் காட்டினார். ஆறாம் வகுப்பில் ஏற்கெனவே இருக்கிற பிள்ளைகள்கூட இப்படிப் போடமாட்டார்கள் என்றார். தமிழ் நன்றாக இருந்தது. இங்கிலீஷ் தேறியது.

பிறகு ஹிந்திப் பேப்பரை எடுத்தார். இரண்டு நாள் லீவு கேட்டுப் தலைமை ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"'ஏ மேடம், தோ தின் சுட்டி தேதோ. ஜாஸ்தி மத் போலோ. டீக் தேதோ, நஹி தோ தூஸ்ரா கே பாஸ் ஜாயேகா.'"

ஏ மேடம், இரண்டு நாள் லீவைக் கொடு, அதிகம் சொல்லாதே, சரியாகக் கொடு, இல்லாவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுவேன். வார்த்தைக்கு வார்த்தை மீன் மார்க்கெட்டில் அம்மா பேசுவது.

பக்கத்து மேசை டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனார். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார். சுமதி என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஹிந்தியிலே தேறலை" என்றார். "நாலாம் கிளாஸ்னு சொன்னேன். கணக்கைப் பார்த்தா மனசு வரலை. அஞ்சாம் கிளாஸ்ல போடறேன். உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், நடுவில அஞ்சு."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வருடம்தானே போகிறது என்று நினைத்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்தார்.

"டீச்சர், ஹிந்தியில தோத்தது எம் மக இல்ல. நான். நாந்தான் சொல்லிக் குடுத்தேன். மீன்காரன்கிட்டப் பேசுற மாதிரி ஒங்ககிட்டப் பேசக்கூடாதுன்னு எனக்குத் தெரியல, அவளுக்கு எப்படித் தெரியும்? என்னைய வேணா அஞ்சாங் கிளாஸ்ல போடுங்க, வந்து ஒக்காருறேன். அவள ஆறுல போடுங்க."

"நான் சொன்னா சண்டை போடக்கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேனே."

"சண்டை போடல. தேறுன மூணுக்கும் ஒரு மதிப்பு வேணும்ல. அத ஒண்ணு சாப்புட்டுருமா? ஒரு வருசம் கடல் எடுத்துக்கிட்டது போதும். நீங்களும் ஒரு வருசம் எடுக்காதீங்க."

அம்மாவின் குரல் உயரவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை. நின்ற இடத்தில் நின்றார். நாற்காலி காட்டினார்கள், உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஹெட்மிஸ்ட்ரஸ் ரெஜிஸ்டரை எடுத்தார். ஆறாம் வகுப்புப் பக்கத்தைத் திறந்து, கடைசியில் பென்சிலால் சுமதி பேரை எழுதினார்.

"காலாண்டுப் பரீட்சை வரைக்கும். ஹிந்தியிலே பாஸ் பண்ணினா பேனாவிலே எழுதுவேன். இல்லேன்னா அழிச்சுட்டு அஞ்சிலே எழுதுவேன். அப்போ நீங்க வரவே கூடாது."

"வரமாட்டேன். பேனா எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நம் வரிசையில் நாலு வீடு தள்ளி ஒரு பீகார்க்காரப் போலீஸ்காரர் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அக்கா, தீதி என்றுதான் கூப்பிடுவோம், பன்னிரண்டு வரை படித்தவர். அவருக்கு இட்லி என்றால் உயிர், மாவு அரைக்கத்தான் வராது. அம்மா ஒரு தூக்குவாளி மாவோடு போய் நின்றார். வாரத்துக்கு மூன்று நாள் மாவு, மூன்று நாள் ஹிந்தி. இந்த ஏற்பாடு இரண்டு வருடம் நடந்தது. தீதி முதல் நாளே அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "ஆப்" என்று மரியாதையாகப் பேசுவதிலிருந்து ஆரம்பித்தார்.

அதோடு வீட்டிலும் சட்டம் வந்தது. மாலை விளக்கு வைத்து, சாப்பாடு ஆகிற வரைக்கும் ஹிந்தி, அதுவும் மரியாதை ஹிந்தி. நான் வேலைவிட்டு வந்து "சாய் தேதோ" என்றால் டீ வராது. "சாய் தீஜியே" என்றால்தான் வரும். ஒரு நாள் களைப்பில், "இந்தா, டீயக் குடு புள்ள" என்று சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஆப் பாஹர் ஜாயியே" என்றார். தயவுசெய்து தாங்கள் வெளியே போங்கள். சுமதி சிரித்துப் புரண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அம்மா என்னை அவ்வளவு மரியாதையாகப் பேசியது அந்த மூன்று மாதம்தான்.

காலாண்டு வந்தது. சுமதி ஹிந்தியில் பாஸ் மார்க்குக்கு ஒரு மார்க் கூட வாங்கினாள். ஒரே மார்க். மறுநாள் காலையில் அம்மா பள்ளிக்கூடத்தில் நின்றார். பாஸ் பண்ணினால் வரலாம் என்று தானே அர்த்தம் பண்ணிக்கொண்டார். ஹெட்மிஸ்ட்ரஸ், "எழுதிட்டேன், நீங்க போகலாம்" என்றார்.

"பாக்கணும் டீச்சர்."

ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். இங்கிலீஷில் எழுதியிருந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பேனாவா பென்சிலா என்று மட்டும் பார்த்தார். பார்த்தும் நம்பாமல், விரலை நாக்கில் தொட்டு, எழுத்தின் மேல் தேய்த்தார். மை லேசாகப் பரவியது, அழியவில்லை.

"போச்சு, ரெஜிஸ்டரை அழுக்காக்கிட்டீங்க" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"இருக்கட்டும் டீச்சர். இனி யாரும் ரப்பர் போட முடியாது" என்றார் அம்மா. வருடக்கணக்காக ரப்பர் வெட்டியவர் அதைச் சொன்னபோது ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். பிறப்புச் சான்றிதழுக்காக அம்மா ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கடைசியில் சுமதிக்கு அவளுடைய சொந்த வயது காகிதத்தில் திரும்பக் கிடைத்தது. கட்சாலிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் வந்த குடும்பங்களில் யாருக்காவது பிள்ளையைக் கீழ் வகுப்பில் போடுகிறோம் என்று சொன்னால், அவர்களோடு அம்மாவும் பள்ளிக்கூடம் போய் நிற்பார். எல்லா இடத்திலும் ஜெயிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளைக் கீழேதான் போட்டார்கள். அந்த இரண்டு பேர் பேரும் அம்மாவுக்குக் கடைசி வரை ஞாபகம் இருந்தது. "அந்தப் பள்ளிக்கூடக் கிளார்க்கு முன்னால இன்னும் கொஞ்ச நேரம் நின்னுருக்கணும்" என்பார்.

சாந்தி படித்தாள். சுமதி பன்னிரண்டு முடித்து, நர்சிங் படித்து, வேலைக்குப் போனாள். தகர அறையிலிருந்து இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம். கட்சாலுக்குத் திரும்பிப் போகலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், "புள்ளைங்க படிப்பு முடியட்டும்" என்றார். முடிந்த வருடம் உடம்பு படுத்தது.

வயிற்றில் கட்டி என்றார்கள். கப்பலில் சென்னைக்குப் போய் வந்தோம். அங்கே பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லப் போனபோது, அம்மா பின்னாலேயே வந்து, "என் ஒடம்பு. எனக்கும் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டு, "சரி, ஊருக்குப் போவோம்" என்றார். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். சுமதி டியூட்டி முடித்து வந்து பக்கத்தில் உட்காருவாள். ஊசி போடுகிற பிள்ளையிடம் எந்த மருந்து, எதற்கு என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. அம்மா நம்மை விட்டுப்போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம்.

கூட நின்றவர்களை நினைக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடமைப்பட்டிருக்கிறோம். கணக்குப் புத்தகம் கொடுத்த லோடு ஏற்றும் அண்ணன், பேர்கூடக் கேட்டு வைக்கவில்லை, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். டெஸ்ட் அன்று கூலி பிடிக்காத கேண்டீன்காரர். இட்லி மாவுக்கு ஹிந்தி சொல்லிக் கொடுத்த தீதி, மாற்றலாகிப் பாட்னா போனவர், செய்தி கேட்டுப் போனில் அழுதார். ஓய்வு பெற்றுக் கேரளாவுக்குப் போய்விட்ட ஹெட்மிஸ்ட்ரஸுக்கு இந்த மலர் தபாலில் போகிறது. ஆஸ்பத்திரியில் முறை வைத்து இருந்த லம்பா லைன் அக்கம்பக்கத்தார், கப்பல் டிக்கெட் கிடைக்காத நேரத்தில் தங்கள் டிக்கெட்டை விட்டுக்கொடுத்த குடும்பம், கட்சாலிலிருந்து கடல் கொந்தளிப்பிலும் வந்து தோள் கொடுத்தவர்கள், மூன்று நாள் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த எல்லா மதத்துக்காரர்களும். உங்களை இந்த வீடு மறக்காது.

சொந்தக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கல்யாணம் காட்சிகளில் நீங்கள் அம்மாவைக் கேலி பண்ணுவீர்கள். "பால் டின்னுக்காகப் பெத்த புள்ள வயசையே மாத்துனவ" என்று. அம்மா சிரித்துக்கொண்டு இருப்பார். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தேன். ஒன்பது என்று சொன்னது நான். அம்மா அந்த வரிசையிலேயே இல்லை. இனி அந்தக் கேலியை யாரும் அவர் பேரில் பேச வேண்டாம். பேச வேண்டுமானால் நான் இருக்கிறேன், என்னிடம் பேசுங்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் இதை அம்மாவிடம் சொன்னேன். எல்லாரிடமும் சொல்லிவிடப் போகிறேன், இத்தனை வருடம் உன் தலையில் போட்டுவிட்டேன் என்றேன். அம்மாவுக்குப் பேசுவது அப்போதே கஷ்டமாகிவிட்டது.

"அத எதுக்கு இப்ப?" என்றார். "புள்ள ஆறாங் கிளாஸ்ல ஒக்காந்தாளா, இல்லியா?"

"ஒக்காந்தா" என்றேன்.

"அப்பறம் என்னா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.